கக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து பழகியவர்கள் அறிவார்கள்: தறியில் உட்கார்ந்திருப்பவர் கையால் மட்டும் நெய்வதில்லை, நினைவாலும் நெய்கிறார். இத்தனை இழைக்கு ஒரு புட்டா, உடலுக்கு இந்த நிறம், கரைக்கு அந்த நிறம், இரண்டும் சேருமிடத்தில் கோர்வை, முந்தி தொடங்குமிடத்தில் பெட்னி. எல்லாம் மனக்கணக்கு! ஆனாலும் மனக்கணக்கை மட்டும் நம்பித் தறி ஓடுவதில்லை. கட்டம் போட்ட தாளில் பூவை எழுதினார்கள். கட்டத்தைப் பார்த்து அட்டையில் துளையிட்டார்கள். அட்டை ஜக்கார்டுப் பெட்டியில் ஏறிற்று. பூ பட்டில் இறங்கிற்று. இன்று கட்டத் தாளின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. இருந்தால் என்ன? பூ முதலில் பூப்பது குறிப்பில்தான், பிறகுதான் புடவையில்.

எழுதி வைக்காத கைத்திறன் என்ன ஆகும்? வல்லவர் ஒருவர் மறையும்போது, அவர் மனத்திலிருந்த அன்னமும் மயிலும் கொடியும் அவரோடு போய்விடும். வீட்டில் தறி இருக்கும், நாடா இருக்கும், அந்தப் பூ மட்டும் இருக்காது.

இதை ஏன் சொல்கிறேன்? இதே காஞ்சியில் சின்னஞ்சிறு பிள்ளையாகச் சில காலம் வளர்ந்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அவர் தறி பிடித்தவரல்லர். ஆனால் அவர் தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் 20 ரூபாய். பட்டும் சேலையும் விற்ற கடையில், பிறர் பணத்தைக் கணக்கெழுதிப் பிழைத்த மனிதரின் மகன்தான், உலகம் கண்டு வியந்த கணித மேதை இராமானுஜன்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தாய் கோமளத்தம்மாள். தாய்வழிப் பாட்டனாருக்கு நீதிமன்றத்தில் வேலை. அந்த வேலையை ஒட்டித்தான் பிள்ளை காஞ்சிபுரத்திலும் பள்ளிக்குப் போனது. பாட்டனார் வேலை போயிற்று. தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினார்கள். அவ்வளவுதான் காஞ்சிக்கும் அவருக்கும் உள்ள உறவு. பெரிதாகச் சொந்தம் கொண்டாட நமக்கு உரிமையில்லை. ஆனால் பாட்டனாருக்குச் சம்பளம் நின்றால் பேரனின் பள்ளிக்கூடம் மாறும் என்பதை நம் தெருக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இராமானுஜன் என்றவுடன் எல்லாரும் எடுத்துவிடும் கதை ஒன்று உண்டு. மருத்துவமனையில் படுத்திருக்கிறார். பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சுவை ஏதும் இல்லை என்றும் சொல்கிறார். படுக்கையிலிருந்தவர் உடனே மறுக்கிறார்: இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு வகையில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்கிறார். 12-இன் கனம் 1728, அதோடு 1. அல்லது 10-இன் கனம் 1000, அதோடு 9-இன் கனம் 729. போட்டுப் பாருங்கள், சரியாக வரும். கேட்டவர்கள் கைதட்டுகிறார்கள். மின்னல் வெட்டியது என்கிறார்கள். அருள் என்கிறார்கள்.

மின்னலல்ல, தோழர்களே! நோட்டுப் புத்தகம்! அந்த எண்ணைப் பற்றிய செய்தி, வண்டி மருத்துவமனை வாசலுக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அவருடைய குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது. ஒரு காலத்தில் கணக்குப் போட்டார். கண்டதை எழுதி வைத்தார். தேவைப்பட்ட நாளில் அது கைக்கு வந்தது. பார்த்தவர் கண்ணுக்கு வித்தை. செய்தவருக்கு உழைப்பு.

நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதாக அவரே நம்பினார். அது அவர் நம்பிக்கை. அதனோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் கனவில் வந்ததாகவே இருக்கட்டும், விழித்தெழுந்து அதை எழுதி, எண் போட்டு, எடுத்துக்காட்டு வைத்துச் சரிபார்த்த கை யாருடைய கை? அந்தக் கையின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

1903-ஆம் ஆண்டு, பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. சொந்தப் புத்தகமல்ல, கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் வழியாக வந்த இரவல். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக, ஏறத்தாழ 5,000 தேற்றங்களை வரிசையாக எண்ணிட்டு அடுக்கிய புத்தகம். விளக்கம் சொற்பம், முடிவுகள் ஏராளம். வேறு பையனாக இருந்தால் தூக்கம் வந்திருக்கும். இவருக்கோ தூக்கம் போயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே போட்டுப் பார்த்தார். போட்டுப் பார்க்கையில் புத்தகத்தில் இல்லாத முடிவுகள் முளைத்தன. முளைத்தவற்றை எங்கே வைப்பது?

இங்கேதான் தொடங்குகிறது நோட்டுப் புத்தகத்தின் வரலாறு.

கடைக் குமாஸ்தாவின் வீட்டில் சிட்டை என்றால் என்ன, பேரேடு என்றால் என்ன என்று தெரியாமல் இருக்குமா? அன்றன்று நடந்ததை அப்படியே வரிசையாக எழுதுவது சிட்டை. அதிலிருந்து ஆளுக்கொரு பக்கம், இனத்துக்கொரு பக்கம் என்று பிரித்து ஏற்றுவது பேரேடு. சிட்டை மட்டும் வைத்திருக்கும் கடைக்காரருக்கு யார் எவ்வளவு பாக்கி என்று தெரியாது. பேரேட்டில் ஏற்றும்போதுதான் கணக்கு பேசத் தொடங்கும். மகன் தகப்பனாரிடம் இதைக் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று இல்லை. ஆனால் மகன் செய்த வேலை அந்த வேலைதான்.

சிட்டை அவருக்குச் சிலேட்டு. திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் சிலேட்டை வைத்து, பலப்பத்தால் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். துணி எடுத்துத் துடைக்கக்கூடப் பொறுமையில்லாத வேகம்! முடிவு கிடைத்ததும், அந்த முடிவு மட்டும் நோட்டுக்குப் போகும். வந்த வழி முழங்கையோடு போகும்.

ஏன் தாளில் போட்டுப் பார்க்கவில்லை? நண்பர் ஒருவர் கேட்டதற்கு, மாதம் 4 ரீம் தாள் தேவைப்படும், சாப்பாட்டுக்கே வழியில்லாதவன் தாளுக்கு எங்கே போவேன் என்ற பொருளில் விடை சொன்னாராம். நெஞ்சில் தைக்கிறதல்லவா? உலகம் தேடிய அறிவு ஒன்று, தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி அழிந்து கொண்டிருந்தது! முன்பே நீல மையால் எழுதிய தாளின் மேல் சிவப்பு மையால் எழுதினார் என்றும், பின்னாளில் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது சரக்குக் கட்டி வந்த தாள்களைப் பொறுக்கி எடுத்துப் பயன்படுத்தினார் என்றும் அவரை அறிந்தவர்கள் சொல்லிச் சென்றிருக்கிறார்கள்.

முதல் நோட்டு பச்சை மையில் எழுதப்பட்டது. 351 பக்கம். அதில் 16 அத்தியாயங்கள் ஓரளவு ஒழுங்காக அமைந்தவை. மீதி அங்குமிங்குமாகச் சேர்ந்தவை. பெரும்பாலும் தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுதிக்கொண்டு போனார். மறுபக்கம் வெறுமையாக விட்டார். பிறகு புதிய எண்ணங்கள் தோன்றியபோது, நோட்டின் கடைசியிலிருந்து முன்னோக்கி, அந்த வெறும் பக்கங்களை நிரப்பினார். தாளுக்குத் தவித்த மனிதர் பாதித் தாளை வெறுமையாக விட்டிருக்கிறார்! வீண் செலவா? அன்று. நாளைக்கு வரப்போகும் எண்ணத்துக்கு அது இருக்கை.

பிறகு இன்னொரு நோட்டு. முதல் நோட்டையே திருத்தி, பெருக்கி, மறுபடி அடுக்கியது அது. 21 அத்தியாயங்கள், 256 பக்கங்கள். அதன்பின் 100 பக்கம் அடுக்கப்படாத குறிப்புகள். மூன்றாவது நோட்டு, ஒழுங்குபடுத்த நேரமில்லாத 33 பக்கம். மூன்றிலுமாக 3,000-க்கு மேற்பட்ட முடிவுகள்.

இரண்டாவது நோட்டின் முதல் அத்தியாயம் எதைப் பற்றி? மாயச் சதுரம்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாடுவது. ஒன்பது கட்டத்தில் 1 முதல் 9 வரை எண்களை நிரப்ப வேண்டும். நெடுக்கே கூட்டினாலும், குறுக்கே கூட்டினாலும், மூலைக்கு மூலை கூட்டினாலும் 15 வர வேண்டும். கட்டத் தாளில் பூப்போட்டவர்களுக்கு இது கைவந்த விளையாட்டாக இருக்கும். பெரிய கணிதத்தில் நெடுந்தூரம் போன பிறகும், நோட்டைப் புதிதாக எழுதும்போது, அந்தச் சிறுபிள்ளைக் கணக்கை அவர் தூக்கி எறியவில்லை, முதலிடத்தில் வைத்தார். புதியது கண்டவுடன் பழையதைக் கிழித்துப் போடுகிற நமக்கு (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) இது கொஞ்சம் உறுத்தும்.

நான் செய்வது என்ன தெரியுமா? கூட்டத்தில் நல்ல கருத்தொன்று கேட்டால், கையில் கிடைத்த துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைப்பேன். சட்டை சலவைக்குப் போகும். கருத்து வெளுத்துத் திரும்பும்.

இனி வாழ்க்கைக்கு வருவோம். பள்ளியில் பரிசு பெற்றவர், கல்லூரியில் தோற்றார். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர மற்றவற்றைக் கவனிக்காததால் உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னைக்கு வந்தார். காஞ்சியிலும் கல்விக்கூடம் நடக்க வழி செய்த வள்ளல் பச்சையப்ப முதலியாரின் அறப்பணத்தில் எழுந்த பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் காஞ்சி தந்த அறிஞர் அண்ணாவும் படித்த கல்லூரி அது. அங்கும் எப்.ஏ. தேர்வில் தோல்வி, மறுமுறையும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை, 1909-இல் திருமணம் மட்டும் ஆயிற்று. மணமகள் ஜானகி, சிறுமி.

உடல்நலமும் கெட்டது. தாம் பிழைப்போமா என்ற ஐயம் வந்தபோது, நண்பர் ஒருவரிடம் நோட்டுகளை ஒப்படைத்தார். தமக்கு ஏதேனும் நேர்ந்தால், பச்சையப்பன் கல்லூரியின் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரியின் ராஸ் என்ற பேராசிரியரிடமோ அவற்றைச் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். வீடு வைத்திருப்பவர் வீட்டை எழுதி வைப்பார். நிலம் வைத்திருப்பவர் நிலத்தை எழுதி வைப்பார். இருபத்திரண்டு வயது இளைஞருக்கு எழுதி வைக்க இருந்த சொத்து அந்த நோட்டுகள்தாம்.

பிழைத்தார். வேலை தேடிப் புறப்பட்டார். சான்றிதழ் இல்லாதவர் எதைக் காட்டி வேலை கேட்பார்? கக்கத்தில் நோட்டு! 1910-இல் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் போனார். அவர் 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இந்த மனிதரைத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக உட்கார வைத்தால் அது பாவம் என்று உணர்ந்தார். சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம். அவருக்கும் அதே நோட்டு விரித்துக் காட்டப்பட்டது. முதலில் பிடிபடவில்லை, பிறகு பிடிபட்டது. மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். பிறர் பணத்தில் நெடுநாள் இருக்க இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். தகப்பனாரை விடப் 10 ரூபாய் அதிகம்!

துறைமுகத்தில் தலைமைக் கணக்கராக இருந்தவர் நாராயண ஐயர். அவரும் கணிதம் கற்றவர். வேலை முடிந்த பிறகு, இரவில், திருவல்லிக்கேணியில் மாடியில் உட்கார்ந்து இருவரும் ஆளுக்கொரு சிலேட்டில் கணக்குப் போடுவார்கள். இவர் இரண்டே அடியில் தாண்டுவதை அவரால் எட்ட முடியாது. எனக்கே புரியவில்லையென்றால் மற்றவர்க்கு எப்படிப் புரியும், பத்து வரியில் விரித்து எழுது என்று வற்புறுத்துவாராம். மேதைக்குப் பக்கத்தில் மேதை இருப்பது பெரிதல்ல. கொஞ்சம் நில், எனக்கு விளங்கவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்லும் நண்பர் இருப்பதுதான் பெரிது. நாராயண ஐயரை நாடு அதிகம் நினைப்பதில்லை, நினைக்க வேண்டும்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் இராமானுஜனின் முதல் கட்டுரை வருவதற்குள், விளங்கவில்லை என்று பலமுறை திருப்பியனுப்பித் திருத்த வேண்டியிருந்தது. 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. நோட்டிலிருந்து பொறுக்கி எடுத்த முடிவுகள், பக்கம் பக்கமாக. அதற்கு முன் வேறு இரண்டு ஆங்கிலப் பேராசிரியர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஹார்டியும் அவர் தோழர் லிட்டில்வுட்டும் ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தார்கள். சில முன்பே தெரிந்தவை; சில தெரியாதவை; சில, எந்த மனிதர் எப்படிக் கண்டிருப்பார் என்று திகைக்க வைத்தவை. பகா எண்களைப் பற்றி எழுதியவற்றில் பிழை. வந்த வழி எழுதியிருந்தால் எந்த அடியில் கால் இடறிற்று என்று அப்போதே தெரிந்திருக்கும். வழிதான் முழங்கையோடு போய்விட்டதே!

இது நமக்கும் தெரிந்த சங்கடம்தான். மேடையில் புள்ளிவிவரம் ஒன்றை எடுத்து வீசிவிட்டு, எந்த ஆண்டுக் கணக்கு, எங்கிருந்து எடுத்தது என்று எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டதும், தண்ணீர்ச் செம்பைத் தேடும் தோழர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? எண்ணைக் குறித்து வைத்தார். எடுத்த இடத்தைக் குறிக்கவில்லை.

நூலகம் இல்லாத கொடுமையையும் இங்கே சொல்ல வேண்டும். இராமானுஜன் பாடுபட்டுக் கண்டுபிடித்தவற்றில் ஒரு பெரும் பங்கு, ஐரோப்பாவில் வேறு அறிஞர்கள் முன்பே கண்டவை. கும்பகோணத்தில் அந்தப் புத்தகங்கள் கிடைத்திருந்தால் அத்தனை ஆண்டுகளும் புதிய வழியில் போயிருக்கும். தனி மனிதர் நோட்டு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது ஒரு மனிதரின் நோட்டுத்தான். ஊர்கள்தோறும் படிப்பகம் வேண்டும் என்று சென்ற தலைமுறையினர் வீடு வீடாகப் பத்திரிகை கேட்டு வாங்கிக் கொட்டகை போட்டார்களே, அது வெட்டி வேலையல்ல.

ஹார்டியின் பதிலுக்குப் பின் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறினார். போரும் பனியும் நிறைந்த சீமையில் ஐந்தாண்டு. சைவ உணவுக்காரர், தாமே பொங்கித் தின்றார். நோட்டில் விளைந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடும் புதிய சூத்திரங்களை 1914-இல் வெளியிட்டார். அவற்றில் ஒன்றை வைத்துத்தான் 1985-இல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் மூலம் அந்த விகிதத்தை 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார்கள். சீமையில் பட்டம் வந்தது. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற உயர்ந்த மதிப்பு வந்தது. டிரினிடிக் கல்லூரியின் ஆய்வாளர் பதவி வந்தது. எல்லாம் வந்தன. உடல்நலம் போயிற்று.

1919-இல் திரும்பினார், நோயாளியாக. எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவர் என்ன செய்தார்? எழுதினார்! இம்முறை நோட்டுக்கூட இல்லை, உதிரித் தாள்கள். சாவதற்குச் சில நாள் முன்புவரை எழுதினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதி, தாம் புதிதாகக் கண்ட ஒருவகைச் சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். போலித் தீட்டா என்பது அவற்றின் பெயர். வானத்துக் கருந்துளைகளை ஆராய்வோர்வரை இன்று அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

மனிதர் போனார். தாள்கள் என்ன ஆயின?

மூன்று நோட்டுகள் பிழைத்தன. கட்டிய நோட்டு அல்லவா! உதிரித் தாள்களோ ஊர் சுற்றின. சென்னைப் பல்கலைக் கழகம் 1923-இல் அவரது கையெழுத்துத் தாள்களை ஹார்டிக்கு அனுப்பிற்று. அவரிடமிருந்து வாட்சன் என்ற பேராசிரியர் கைக்குப் போயிருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் முடிவு. வாட்சனும் வில்சனும் 1929-இல் நோட்டுகளைப் பதிப்பிக்க உட்கார்ந்தவர்கள். வழி எழுதாத 3,000 முடிவுகளுக்கும் வழி கண்டுபிடிக்க வேண்டும்! வில்சன் 1935-இல் இறந்தார். வாட்சன் சில ஆண்டுகளில் களைத்துக் கைவிட்டார். 1965-இல் அவரும் மறைந்தார். அவர் வீட்டு அறைக்குள் போய்ப் பார்த்தவர்கள் கண்டது, தரையில் ஓரடி உயரத்துக்குக் குவிந்து கிடந்த காகிதங்கள். சில நாளில் கொளுத்தப்பட இருந்தவை! கை விட்டுத் துழாவியதில் இராமானுஜனின் தாள்கள் வந்தன. ஒரு தீக்குச்சி முந்தியிருந்தால் போதும். 1968 டிசம்பரில் அவை டிரினிடிக் கல்லூரி நூலகத்துக்குப் போய், ஒரு பெட்டியில் உறங்கின. 1976-இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வேறெதையோ தேடப் போன இடத்தில் பெட்டியைத் திறந்தார். 87 தாள்கள், 600-க்கு மேற்பட்ட முடிவுகள். சாவுப் படுக்கையில் எழுதியவை!

நோட்டுகளை 1957-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம் கையெழுத்துப்படியே அச்சிட்டது. சிலேட்டில் அழிந்த வழிகளை மறுபடி கண்டுபிடிக்கும் வேலையைப் பெர்ண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஏற்றுக்கொண்டார். 5 தொகுதிகள் வெளிவந்தன: முதலாவது 1985-இல், ஐந்தாவது 1998-இல். உதிரித் தாள்களுக்கு இன்னும் 5 தொகுதிகள். ஆண்ட்ரூசும் பெர்ண்டும் அதை முடித்த ஆண்டு 2018. தாள் இல்லாத குறையால் ஓர் இளைஞர் எழுதாமல் விட்ட வரிகளை, வாழ்க்கை முழுவதையும் செலவிட்டு எழுதி முடித்தார்கள். 4 ரீம் தாளின் விலை அன்று என்னவாக இருந்திருக்கும்?

வழி எழுதாமல் விட்டது அவர் குற்றம் என்பாரும் உண்டு. கார் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய பழக்கம் என்பாரும் உண்டு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். தமக்காக எழுதிய குறிப்பு அது. பிறருக்குப் பாடம் சொல்ல எழுதியதல்ல. தமக்கு வழி நினைவிருக்கும் என்று நம்பினார். 32 வயதில் நினைவோடு போய்ச் சேருவோம் என்று எந்த இளைஞர் எதிர்பார்ப்பார்? வறுமையைக் குற்றம் சொல்லாமல் வறியவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜானகி அம்மையார் தையல் வேலை செய்து திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்தார். கணவர் படுக்கையில் எழுதிய அந்தத் தாள்கள், அவர் பிறந்த நூறாம் ஆண்டு நிறைவில், 1987 டிசம்பர் 22-ஆம் நாள் புத்தகமாக வெளிவந்தபோது அம்மையார் உயிரோடிருந்தார். 1994-இல் மறைந்தார்.

பச்சை மையில் எழுதிய நோட்டும் மற்ற இரண்டும் சென்னைப் பல்கலைக் கழக நூலகத்தில் இருக்கின்றன. சரக்குத் தாளைப் பொறுக்கிய துறைமுகத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே நடந்தால் அந்தக் கட்டடம் வரும்.